பனித்தரை ஆட்டத்தில் ஒரு பங்குக் கணக்கு

சங்க மலருக்கு ஐஸ் ஹாக்கி பற்றி எழுதித் தருகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் சிரித்துவிட்டார். "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மில் பெரும்பாலோர் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை.

ஆனால் சம்பந்தம் இருக்கிறது. ஊரை விட்டு வந்து வேறு மாநிலத்தில் பிழைக்கிற நம் குடும்பங்களில் ஒரு வார்த்தையைக் கேட்காதவர் குறைவு. "வெளியூர்க்காரன் வந்தான், எங்க ஆளுக்கு இருந்த வேலை போச்சு" என்பார்கள். சில சமயம் கோபமாக, சில சமயம் டீக்கடையில் வேடிக்கைப் பேச்சாகச் சொல்வார்கள். இந்தப் பேச்சு எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று சோதித்துப் பார்க்க எந்த ஊரிலும் சரியான பேரேடு கிடைப்பதில்லை. ஐஸ் ஹாக்கியில் கிடைக்கிறது. அங்கே 1917 முதல் இன்றுவரை எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்கு ஆடினார், எந்த ஊரில் பிறந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடைக்கணக்கு எழுதிப் பழகினவனுக்கு இப்படி ஒரு பேரேடு கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியுமா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டம் எப்படிப்பட்டது

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். உறைந்த பனித்தரையில், காலில் கத்தி போன்ற இரும்பு வைத்த ஸ்கேட் மாட்டிக்கொண்டு, வளைந்த மட்டையால் ஆடுவது. பந்து கிடையாது. 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வட்டுதான். ஒரு பக்கத்துக்குக் கோல்காப்பாளரையும் சேர்த்து 6 பேர் தரையில் இருப்பார்கள். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. நிமிஷத்துக்கு நிமிஷம் ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவு மூச்சு வாங்கும். மோதித் தள்ளுவதும் ஆட்டத்தில் சேர்த்தி.

இதில் உலகத்திலேயே பெரிய தொழில்முறை அமைப்பு நேஷனல் ஹாக்கி லீக். சுருக்கமாக என்.ஹெச்.எல். என்பார்கள். 1917 நவம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் தொடங்கியது. இன்று அதில் 32 அணிகள். 7 கனடாவில், 25 அமெரிக்காவில். இவை போட்டியிடுவது ஸ்டான்லி கோப்பைக்கு.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஐ.பி.எல். கிரிக்கெட்டில் களமிறங்கும் 11 பேரில் வெளிநாட்டார் 4 பேருக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. என்.ஹெச்.எல்.லில் அப்படி எந்த வரம்பும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் உலகம் முழுவதிலுமிருந்து இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. எந்த நாட்டுப் பையன் என்று விதி கேட்பதில்லை. ஆனால் விதி கேட்காவிட்டாலும் மனுஷர் கேட்டார்கள். அதுதான் இந்தக் கதை.

ஒரே நாட்டார் ஆட்டம்

அமெரிக்க அணி என்று முதலில் சேர்ந்தது பாஸ்டன், 1924-இல். 1942 முதல் 1967 வரை மொத்தம் ஆறே அணிகள். மாண்ட்ரியல், டொரான்டோ, பாஸ்டன், நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ. ஆறில் நான்கு அமெரிக்க நகரங்கள்தான். ஆனால் ஆடினவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கனடாவில் பிறந்தவர்கள். கடை அமெரிக்காவில், சரக்கு முழுக்கக் கனடாவிலிருந்து.

அதற்காக எல்லாக் கனடாக்காரருக்கும் கதவு திறந்திருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சீனக் குடும்பத்துப் பிள்ளை லாரி குவாங் 1948-இல் நியூயார்க் அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆடினார். அதற்கு மேல் கூப்பிடவில்லை. கறுப்பினத்தவரான வில்லி ஓ'ரீ 1958 ஜனவரியில் பாஸ்டனுக்கு ஆடிய பிறகுதான் அந்தத் தடை உடைந்தது. இந்த இருவரும் கனடா மண்ணில் பிறந்தவர்களே.

முதலில் வந்த ஸ்வீடன்காரர்

ஐரோப்பாவில் ஆட்டம் கற்று இங்கே வந்தவர்களில் முதல்வர் ஸ்வீடனின் உல்ஃப் ஸ்டெர்னர். 1965-இல் நியூயார்க்குக்கு 4 ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். "ஐரோப்பாக்காரனுக்கு மோதல் தாங்காது" என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது.

1972 செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை வீரர்களும் சோவியத் ரஷ்யாவும் 8 ஆட்டங்கள் மோதின. கனடா ஊதித் தள்ளிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். மாண்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ரஷ்யா 7-3 என்று வென்றது. கடைசி ஆட்டம் மாஸ்கோவில். முடிய 34 விநாடி இருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடித்த கோலில் கனடா தொடரைத் தப்பித்துப் பிடித்தது. கனடா ஜெயித்ததென்னவோ உண்மை. ஆனால் வெளியேயும் சரக்கு இருக்கிறது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிந்துபோனது.

அடுத்த வருஷமே, 1973-இல், டொரான்டோ அணி ஸ்வீடனிலிருந்து பொர்ஜே சால்மிங் என்ற தடுப்பாட்டக்காரரை அழைத்து வந்தது. எதிரணியார் அவரை மட்டையால் அடித்தார்கள், தள்ளினார்கள், கோழை என்ற பொருளில் 'ஸ்வீடன் கோழி' என்று ஏசினார்கள். மனிதர் பதில் பேசவில்லை, திரும்பியும் போகவில்லை. டொரான்டோவுக்கு மட்டும் 16 பருவம் ஆடினார்.

1976-இல் டொரான்டோவில் ஓர் உலகப் போட்டி. சால்மிங் அன்றைக்கு ஸ்வீடன் சட்டை போட்டுக் கனடா மண்ணில் இறங்குகிறார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. மூன்று வருஷத்தில் ஊர் அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டுவிட்டது. 2022 நவம்பரில், நோயால் பேச்சும் போய்விட்ட நிலையில், அதே டொரான்டோவுக்கு அவரை அழைத்து வந்து மரியாதை செய்தார்கள். மீண்டும் அரங்கம் எழுந்து நின்றது. அதே மாதம் ஸ்வீடனில் காலமானார். வெளியூர்க்காரன் உள்ளூர்க்காரனாவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இவர் கதையைத்தான் சொல்வேன்.

இரும்புக் கதவு திறந்த கதை

ஸ்வீடன்காரர், ஃபின்லாந்துக்காரர் விருப்பப்பட்டால் விமானம் ஏறலாம். கம்யூனிஸ்ட் நாட்டு வீரர்களுக்கு அது முடியாது. 1980 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் பீட்டர், ஆன்டன் ஸ்டாஸ்ட்னி என்ற சகோதரர்கள் ஆஸ்திரியாவில் ஒரு போட்டிக்குப் போன இடத்திலிருந்து தப்பித்து, கனடாவின் கியூபெக் அணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் தங்கிவிட்ட அண்ணன் மரியான் அடுத்த வருஷம்தான் வெளியேற முடிந்தது.

சோவியத் நாடு 1989-இல்தான் கதவைத் திறந்தது. அந்த மார்ச்சில் செர்கெய் பிரியாக்கின் முதல் ஆளாக முறைப்படி அனுமதி பெற்று வந்தார். அதற்குக் காத்திருக்காமல் மே மாதம் அலெக்ஸாண்டர் மொகில்னி ஸ்டாக்ஹோமிலிருந்து தப்பி வந்தார். பிறகு ஃபெடிசோவ், லரியோனோவ், மகரோவ் என்று பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். மகரோவுக்கு அப்போது வயது 31. அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகம் என்ற பரிசு அவருக்கே கிடைத்தது! "முப்பது தாண்டின ஆள் புதுமுகமா?" என்று முணுமுணுப்பு எழுந்து, அந்தப் பரிசுக்கு வயது வரம்பு வைத்துவிட்டார்கள். புதிதாக வந்தவர் ஜெயித்தால் விதி மாறுவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

1995-இல் டெட்ராய்ட் அணி ஐந்து ரஷ்யரை ஒன்றாக இறக்கியது. 1997-இல் அந்த அணி 42 வருஷத்துக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை எடுத்தது. ஐரோப்பாக்காரரை வைத்துக் கோப்பை ஜெயிக்க முடியாது என்ற பேச்சு அத்துடன் அடங்கியது. "கூட ஆடலாம், தலைமை தாங்க முடியாது" என்ற மிச்சப் பேச்சும் 2008-இல் ஸ்வீடனின் லிட்ஸ்ட்ரோம் தலைவராக நின்று கோப்பையைத் தூக்கியபோது போயிற்று. 2024, 2025 இரண்டு வருஷமும் ஃப்ளோரிடா அணி ஜெயித்தது. அதன் தலைவர் பார்கோவ் ஃபின்லாந்துக்காரர். ரஷ்யப் பெற்றோருக்கு ஃபின்லாந்தில் பிறந்தவர்.

பக்கத்து வீட்டு அமெரிக்கா

வெளிநாட்டார் என்றதும் ஐரோப்பாக்காரர்தான் ஞாபகம் வரும். உண்மையில் கனடாவின் பங்கை அதிகம் எடுத்துக்கொண்டது பக்கத்து வீடு. 1980 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் ஒலிம்பிக்ஸில் சோவியத்தை 4-3 என்று தோற்கடித்தார்கள். அதைப் பார்த்து எத்தனையோ பிள்ளைகள் மட்டை எடுத்தார்கள். 1988-இல் கனடாவின் தலைமகன் வெய்ன் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பனியே விழாத தெற்கில் செயற்கைப் பனித்தரைகள் பெருகின. 1996-இல் இளம் வீரர்களுக்காக மிச்சிகனில் ஒரு தேசியப் பயிற்சித் திட்டமும் தொடங்கினார்கள்.

பலன் என்ன? பாலைவன அரிசோனாவில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ், மெக்ஸிகோவில் பிறந்த தாயின் மகன், 2016-இல் உலகத்தின் முதல் தேர்வாக வந்தார். எடுத்துக்கொண்டது கனடாவின் டொரான்டோ! ஒரு காலத்தில் கனடா சரக்கு அமெரிக்கக் கடையில் விற்றது. இப்போது அமெரிக்கச் சரக்கு கனடாக் கடையில்.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

இனிப் பேரேட்டுக்கு வருவோம். 2015-16 பருவத்தில் முதல் தடவையாகக் கனடாவில் பிறந்தவர்களின் பங்கு பாதிக்குக் கீழே போனது. அதற்கப்புறம் இன்னும் இறங்கி, இப்போது நூற்றுக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. அமெரிக்கர் முப்பதுக்குச் சற்றுக் குறைவு. ஸ்வீடன் பத்துக்குப் பக்கம். மீதி ரஷ்யா, ஃபின்லாந்து, செக் மற்றும் சிறு நாடுகள். ஜெர்மனியின் டிரைசைட்டில், இருபது லட்சம் பேரே வாழும் ஸ்லோவேனியாவின் கோபிட்டார் போன்ற பெரிய பெயர்களும் இதில் உண்டு.

தொண்ணூற்றைந்து எங்கே, நாற்பது எங்கே! "போச்சு, எல்லாம் போச்சு" என்றுதானே தோன்றும்? கொஞ்சம் பொறுங்கள். பங்கு வேறு, தொகை வேறு. கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இது தெரியும்.

ஆட்டத்துக்கு ஓர் அணியில் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 1966-இல் 6 அணி, ஆக 120 இடம். அதில் கனடாவுக்கு 115. பிறகு 1967-இல் 12 அணி, 1979-இல் 21 அணி, 2000-இல் 30 அணி, 2021-இல் 32 அணி. இன்று 640 இடம். அதில் கனடாவுக்கு நாற்பது சதமே என்றாலும் 256 வருகிறது. பங்கு பாதிக்கும் கீழே போனது. தலைக்கணக்கோ இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது!

கணக்கை ஒரு பக்கமாகக் காட்டக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். 1980 வாக்கில் 21 அணி, 420 இடம். அப்போது நூற்றுக்கு எண்பதுக்குப் பக்கம் கனடாக்காரர். என் தோராயக் கணக்கில் 340. அந்த உச்சத்திலிருந்து பார்த்தால் இன்று குறைவுதான். அந்த இடங்களுக்காகக் கனவு கண்ட குடும்பங்களின் வருத்தம் பொய்யல்ல. ஆனால் வெளியார் வராமலே இருந்திருந்தால் 32 அணிக்கு ஆள் எங்கே கிடைத்திருக்கும்? தரம் இறங்கியிருக்கும், பார்க்கிறவர் குறைந்திருப்பார், கடையே சுருங்கியிருக்கும். வந்தவர்கள் இருந்த இலையில் மட்டும் உட்காரவில்லை, பந்தியே பெரிதாவதற்குக் கைகொடுத்தார்கள்.

ஊற்று வற்றிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் இளைஞர் தேர்வில் முதலிடம் கனடாப் பையன்களுக்கே போனது.

பிறந்த ஊரா, வளர்ந்த ஊரா?

இந்தப் பேரேட்டில் ஒரு சிக்கல் உண்டு. அது பிறந்த ஊரை எழுதுகிறது. சிகாகோவின் புகழ்பெற்ற ஸ்டான் மிகிட்டா 1940-இல் ஸ்லோவாக்கியாவில் பிறந்தார். எட்டு வயதில் உறவினர் வீட்டுக்குக் கனடா வந்தார், அவர்கள் தத்தெடுத்தார்கள். ஆட்டம் கற்றது கனடாத் தெருப் பையன்களோடு. பேரேட்டில் அவர் ஸ்லோவாக்கியர்! அமெரிக்காவில் வளர்ந்த ராட் லாங்வே தைவானில் பிறந்தவர். ரோபின் ரெகெர் பிறந்தது பிரேஸிலில், ஆடியது கனடாவுக்கு. பிரெட் ஹல் பிறந்தது கனடாவில், ஆடியது அமெரிக்காவுக்கு.

நம் நாட்டுத் தொடர்பும் இங்கேதான் வருகிறது. பஞ்சாபிக் குடும்பத்தைச் சேர்ந்த ராபின் பாவா 1989-இல் வாஷிங்டன் அணிக்கு ஆடினார். என்.ஹெச்.எல்.லில் இந்திய வம்சாவளியினரில் முதல்வர். பேரேடு அவரைக் கனடா என்றே எழுதும், ஏனென்றால் பிறந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவில். 2008 முதல் கனடாவில் இந்த ஆட்டத்துக்குப் பஞ்சாபியிலேயே நேர்முக வர்ணனை வருகிறது. ஆகவே 'கனடாவின் நாற்பது சதம்' என்கிற அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே எத்தனையோ ஊர்க்காரரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளி மாநிலத்தில் பிறந்து வளர்கிற நம் பேரப்பிள்ளைகளை எந்தப் பத்தியில் எழுதுவது என்று குழம்புகிறோமே, அதே குழப்பம்தான்.

அனுப்பிய ஊரின் கணக்கு

வரவைப் பார்த்தோம், செலவையும் பார்க்க வேண்டாமா? ஆட்டக்காரரை அனுப்பிய நாடுகள் என்ன ஆயின?

1998-இல் என்.ஹெச்.எல். வீரர்கள் முதன்முதலாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்றது செக் நாடு. அந்தக் காலத்தில் செக், ஸ்லோவாக்கிய வீரர்கள் லீகில் நிறையப் பேர். பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாக இறங்கியது. பழைய அரசாங்க ஆதரவு போனது. பையன்கள் பதினேழு பதினெட்டு வயதிலேயே கனடாவின் இளையோர் அணிகளுக்குப் போனார்கள். வீட்டில் கற்றுக்கொடுக்கும் முறை தளர்ந்தது. விதை நெல்லையும் சேர்த்து விற்றால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது?

ஃபின்லாந்தைப் பாருங்கள். மொத்த ஜனத்தொகையே 55 லட்சத்துக்கு மேல் கொஞ்சம். அவர்களும் அனுப்புகிறார்கள். ஆனால் ஊரிலேயே பயிற்சியாளர்களை வளர்த்தார்கள், கோல்காப்பாளர் பயிற்சிக்கென்று தனிக் கவனம் செலுத்தினார்கள். 2022 ஒலிம்பிக்ஸுக்கு என்.ஹெச்.எல். வீரர்கள் போகவில்லை. வீட்டிலும் பிற ஐரோப்பிய லீகுகளிலும் இருந்தவர்களை வைத்தே ஃபின்லாந்து தங்கம் வென்றது.

ரஷ்யாவின் கதை வேறு. 2008-இல் கே.ஹெச்.எல். என்று சொந்தப் பெரிய லீக் தொடங்கி, பணம் கொடுத்துப் பலரை வீட்டில் நிறுத்தினார்கள். லீகில் ரஷ்யர் தொகை குறைந்தது, பிறகு மெல்ல ஏறியது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய தேசிய அணியை உலகப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். தனி வீரர்கள் மட்டும் என்.ஹெச்.எல்.லில் தொடர்ந்து ஆடினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி ரஷ்யாவின் ஓவெச்கின் தம் 895-ஆவது கோலை அடித்து, யாரும் தொட முடியாது என்றிருந்த கிரெட்ஸ்கியின் 894-ஐத் தாண்டினார். அந்த ஆட்டத்தை அரங்கத்திலேயே இருந்து பார்த்துக் கை கொடுத்தவர் கிரெட்ஸ்கி. அப்பன் வழியில் அவர் முன்னோரும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கனடாவுக்குக் குடிவந்தவர்களே.

முடிவாக

பேரேட்டை மூடும் முன் எனக்குப் புரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த தடவை யாராவது "உங்க ஆளுங்க வந்துதான் எங்க பங்கு குறைஞ்சுது" என்றால் கோபப்பட வேண்டாம். "பங்கு சரிங்க, தொகை என்ன?" என்று மெதுவாகக் கேட்போம். பதில் சில இடத்தில் நமக்குச் சாதகமாக வரும், சில இடத்தில் வராது. வராத இடத்தில் அவர் வருத்தத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சால்மிங்கும் வாய்ப்பேச்சால் ஜெயிக்கவில்லை. பதினாறு பருவம் உழைத்து ஜெயித்தார்.

கூடவே செக் நாட்டுக் கணக்கையும் மறக்க வேண்டாம். நாம் பிழைக்க வந்தோம், சரி. விட்டு வந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது விசாரிப்போம். இரண்டு பக்கமும் எழுதினால்தான் அது கணக்கு.